நாற்பது வயசுக்காரருக்குக் காசு கொடுக்கலாமா?

கோடை வந்துவிட்டால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒரு வழக்கு கிளம்பிவிடும். கோர்ட்டில் நடக்கிற வழக்கு அல்ல. டீக்கடையில் நடக்கிற வழக்கு. வக்கீல் இல்லை, நீதிபதியும் இல்லை. எல்லோரும் வாதிகள், எல்லோரும் பிரதிவாதிகள்!

வழக்கு இதுதான்:

"நம் ஊர் கிரிக்கெட் கோஷ்டிக்கு, வெளியூரிலிருந்து வயதான பந்து வீச்சாளர் ஒருவரைக் காசு கொடுத்து அழைத்து வரலாமா, கூடாதா?"

இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 40 கிலோ மீட்டர்தான். ஆனால் கோப்பை என்று வந்துவிட்டால் பெரும் போட்டி. ஏரியில் தண்ணீர் வற்றியதும் அங்கே ஸ்டம்ப் முளைக்கும். ஒலிபெருக்கி கட்டுவார்கள். டென்னிஸ் பந்தில் ஆட்டம். சுற்று வட்டாரத்துக் கோஷ்டிகள் எல்லாம் வந்து இறங்கும். ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு தோற்றால், ஒரு வருஷம் தலை குனிய வேண்டும்.

அதனால்தான் இந்த வழக்கு. இது விளையாட்டு விஷயம்தானே என்று தள்ளிவிட முடியாது. இதில் கடைக்காரர்கள் கொடுத்த காசு இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த பையனின் ஆசை இருக்கிறது. ஆட்டத்தையே பிழைப்பாக்கிக் கொண்ட ஒரு மனிதரின் சோறும் இருக்கிறது.

இரண்டு கட்சிகள்

முதல் கட்சிக்காரர்கள் சொல்வது இது:

"வயது என்ன செய்யும்? அனுபவம்தான் பேசும். கடைசி ஓவரில் எதிரிக்கு ஆறு ஓட்டம் வேண்டும் என்றால் நம் பையனுக்குக் கை நடுங்கும். அவருக்கு நடுங்காது. அழைத்து வா!"

இரண்டாவது கட்சிக்காரர்கள் விடுவார்களா?

"அவர் நேற்றுப் பெரிய ஆள். இன்றைக்கு ஓடவே மூச்சு வாங்குகிறது. பந்து பிடிக்கக் குனிய முடியவில்லை. அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பத்துப் பையன்களுக்குப் பூட்ஸ் வாங்கலாம். போதும், வேண்டாம்!"

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் தவறான கேள்வியைக் கேட்கின்றன என்பது என் அபிப்பிராயம். "அவருக்கு என்ன வயது?" என்று கேட்கிறார்கள். "அவருக்கு நம்மிடம் என்ன வேலை?" என்றல்லவா கேட்க வேண்டும்!

48 வயதில் வந்தவர்

வயதானவர் வந்து ஜெயித்துக் கொடுத்ததே இல்லையா? உண்டு.

1926-ம் ஆண்டு. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட் பந்தயங்கள். முதல் நான்கும் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தன. ஐந்தாவது பந்தயம் லண்டன் ஓவல் மைதானத்தில். இங்கிலாந்து தேர்வாளர்கள் வில்ஃபிரட் ரோட்ஸ் என்பவரைத் திரும்ப அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48! நம் ஊரில் அந்த வயதில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

அவர் என்ன செய்தார்? ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் 44 ஓட்டம் மட்டும் கொடுத்து நான்கு விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா 125 ஓட்டத்தில் சுருண்டது. இங்கிலாந்து 289 ஓட்ட வித்தியாசத்தில் ஜெயித்தது.

இந்தக் கதையை எல்லோரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் சொல்ல வேண்டும். அதே இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்த இன்னொருவர் ஹரோல்டு லார்வுட். அவருக்கு வயது 21! கோஷ்டித் தலைவர் பெர்சி சாப்மனுக்கு வயது 25! அதாவது கிழவர் தனியாக வந்து ஜெயிக்கவில்லை. ஒரு வாலிபரின் தலைமையில், இன்னொரு வாலிபருடன் சேர்ந்து பந்து வீசி ஜெயித்தார்.

அமெரிக்காவில் ஒரு கதை

அமெரிக்காவில் 'பேஸ்பால்' என்று ஓர் ஆட்டம். கிட்டிப் புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் அது உறவு முறை என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கேயும் பந்து எறிபவர்தான் கோஷ்டியின் உயிர். அவருக்கு வயதானால் அங்கேயும் இதே வழக்குத்தான்.

சாட்செல் பெய்ஜ் என்று ஒரு கறுப்பர். பந்து எறிவதில் மகா சூரர். ஆனால் தோலின் நிறத்தைக் காரணம் காட்டிப் பெரிய லீகின் கதவை அவருக்குச் சாத்தி வைத்திருந்தார்கள். 1947-ல் ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்தார். மறு ஆண்டு, 1948-ல், கிளீவ்லாந்து கோஷ்டி பெய்ஜை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 42.

"கூட்டம் சேர்க்கச் செய்யும் வித்தை இது" என்று பரிகாசம் செய்தார்கள். பெய்ஜ் அந்த ஆண்டில் ஆறு வெற்றி பெற்றார். ஒரே ஒரு தோல்விதான். கிளீவ்லாந்து அந்த ஆண்டு சாம்பியன் ஆனது.

நம் பக்கமே பார்ப்போம். சென்னை சூப்பர் கிங்ஸ் 2018-ல் ஐ.பி.எல். கோப்பையை ஜெயித்தபோது, அதில் முப்பது வயது தாண்டியவர்களே அதிகம். "அப்பாக்களின் படை" என்று கேலி பேசியவர்கள் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். 2019-ல் அதே கோஷ்டியின் இம்ரான் தாஹிர் 26 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் அதற்கு மேல் எடுத்தவர் யாரும் இல்லை. அவருக்கு வயது 40!

ஒரே ஆள், இரண்டு கோஷ்டி

"அப்படியானால் அழைக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதோ மறு பக்கம்.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் ஆரம்பமானது. அதில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோஷ்டி பல ஆண்டுகள் கோப்பை இல்லாமலே திரும்பியது. 2024-ல் ரவிச்சந்திரன் அஸ்வின் தலைமையில் ஆடியது. அவருக்கு அப்போது வயது 37. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற மூன்று பந்தயங்களிலும் அவர் அரைச் சதம் போட்டார். ஆகஸ்டு 4-ந் தேதி சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் கோவையை வென்று, திண்டுக்கல் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது.

மூன்று மாதம் கழித்து, நவம்பரில், ஐ.பி.எல். ஏலம். சென்னை சூப்பர் கிங்ஸ் அதே அஸ்வினை 9 கோடியே 75 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. "சொந்தப் பிள்ளை வீடு திரும்பினான்" என்று ரசிகர்கள் ஆனந்தப்பட்டார்கள். 2025-ல் என்ன நடந்தது? ஒன்பது பந்தயம் ஆடி ஏழு விக்கெட் எடுத்தார். சென்னை பத்தாவது இடத்தில், அதாவது கடைசி இடத்தில் நின்றது. அந்த ஆகஸ்டிலேயே அவர் ஐ.பி.எல்.லிலிருந்து விடை பெற்றுக் கொண்டார்.

அதே ஏலத்தில் சென்னை இன்னொரு சுழல் பந்து வீச்சாளரையும் வாங்கியது. ஆப்கானிஸ்தானின் நூர் அகமது. விலை 10 கோடி. ஏறக்குறைய அதே விலை! அவருக்கு வயது 20. அவர் எடுத்தது 24 விக்கெட்.

இதை வைத்து அஸ்வினைக் குறை சொல்வது பாவம். டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவர் அவர். ஐ.பி.எல். வேறு, தமிழ்நாடு லீக் வேறு என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. திண்டுக்கல்லில் அவருக்குக் கை நிறைய வேலை இருந்தது. தலைமை அவருடையது, மட்டை பிடிப்பார், பந்தும் வீசுவார். சென்னையிலோ சுழல் பந்துக்கு ஜடேஜாவும் நூர் அகமதுவும் இருந்தார்கள். மூன்றாவது சமையற்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அடுப்பு இரண்டுதானே!

ஆள் ஒருவர்தான். வயதும் ஒன்றுதான். வேலைதான் வேறு.

பன்னிரண்டு பந்துக் கணக்கு

இனி நம் ஏரிக்கரைக் கணக்குக்கு வருவோம்.

எட்டு ஓவர் ஆட்டம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மொத்தம் 48 பந்து. ஒருவர் இரண்டு ஓவர்தான் வீசலாம் என்றால், வெளியூர்க்காரர் போடுவது 12 பந்து. மீதி 36 பந்தை யார் போடுவது? நம் ஊர்ப் பையன்கள்தான்!

அவர் 12 பந்தை அற்புதமாகப் போட்டு, நம் பையன்கள் 36 பந்தில் அடி வாங்கினால் கோப்பை வருமா? வராது. அவர் தம் 12 பந்தோடு, மற்ற 36 பந்துக்கும் வழி சொன்னால்? வரும். "அவன் கால் முன்னே வருகிறது, பந்தை மெதுவாக விடு" என்பார். "இவன் எல்லாவற்றையும் ஒரே பக்கம்தான் தூக்குகிறான், அங்கே ஆளை நிறுத்து" என்பார். இது கையின் வேலை அல்ல, கண்ணின் வேலை. வயதானால் ஓட்டம் குறையும். பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவ்வளவு சீக்கிரம் குறையாது.

சுழல் பந்துக்காரர்கள் நாற்பதிலும் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. வேகப் பந்துக்காரர் ஓடிவந்து காலை ஓங்கி ஊன்றுகிறார். அந்த அதிர்ச்சி முழங்காலுக்கும் முதுகுக்கும் போகிறது. சுழல் பந்துக்காரருக்கு விரலும் மணிக்கட்டும்தான் மூலதனம். அழைப்பதானால் இதையும் யோசிக்க வேண்டும்.

உட்கார்ந்திருக்கும் பையன்

இதில் ஓர் ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறோம். வெளியூர்க்காரர் உள்ளே வந்தால், ஒருவன் வெளியே போக வேண்டும். அவன் யார்?

வருஷம் முழுவதும் வெயிலில் பந்து போட்டவன். மைதானத்தில் கல் பொறுக்கியவன். வசூலுக்குக் கடை கடையாக ஏறியவன். இறுதிப் பந்தயத்தன்று அப்பா அம்மா, தங்கை எல்லோரும் பார்க்க வந்திருப்பார்கள். அவன் தண்ணீர்ப் பாட்டில் தூக்குவான். இந்த வலி கோப்பையின் பளபளப்பில் தெரியாது.

அந்தப் பையன் நாளைக்கு யார் ஆவான் என்று நமக்குத் தெரியுமா? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நடராஜன் டென்னிஸ் பந்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஏழைக் குடும்பம். அதே ஊர் ஜெயப்பிரகாஷ், மூத்தவராக நின்று கைதூக்கி விட்டார். 2017-ல் பஞ்சாப் அவரை மூன்று கோடிக்கு வாங்கியது. 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். பிறகு சொந்த ஊரிலேயே பையன்களுக்கு மைதானம் அமைத்தார்.

ஒரு மூத்தவர் சரியான நேரத்தில் பக்கத்தில் நின்றதால் வந்த விளைவு அது. மூத்தவர் வேண்டும், பையனின் இடத்தைப் பறிப்பதற்கு அல்ல, பையனைத் தயார் செய்வதற்கு!

என் தீர்ப்பு

ஆகவே, அழைக்கலாம். தாராளமாக அழைக்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள்.

ஒன்று: இறுதிப் பந்தயத்தன்று காலையில் பஸ்ஸில் வந்து, மாலையில் காசோடு போகிற ஏற்பாடு வேண்டாம். பத்து நாள் முன்னால் வரட்டும். காலையும் மாலையும் பையன்களுக்குக் கற்றுக் கொடுக்கட்டும். அந்தப் பத்து நாளுக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள்.

இரண்டு: வெளியூர் ஆள் ஒருவர் போதும். மூன்று பேர், நான்கு பேர் என்று அழைத்துவிட்டு, சட்டையில் மட்டும் ஊர்ப் பெயரைப் போட்டுக் கொள்வதில் என்ன பெருமை? திண்டிவனம் கோப்பையைத் திண்டிவனத்துப் பையன்கள் தூக்க வேண்டாமா?

மூன்று: பேசிய பணத்தைப் பேசியபடி கொடுங்கள். ஜெயித்தால் கொடுப்பது, தோற்றால் கை விரிப்பது என்பது அநியாயம். அவருக்கும் வீடு இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருக்கிறது. டென்னிஸ் பந்து ஆட்டக்காரருக்குப் பென்ஷன் கிடையாது. கை தேய்ந்துவிட்டால் வருமானமும் நின்றுவிடும். தோல்விக்கு அவர் ஒருவரே காரணம் என்று பழி போட்டு அனுப்புவது மனிதத் தன்மை அல்ல.

முண்டியம்பாக்கம் ஆலைப் பக்கத்துக் கரும்பு விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். வெட்டிய கரும்பின் கட்டையை அவர் பிடுங்கி எறிவதில்லை. அது மறுதாம்பாகத் துளிர்க்கும், செலவு குறைவு. ஆனால் அதையே நம்பி அவர் சும்மா இருப்பதும் இல்லை. கட்டை துளிர்க்காத இடைவெளிகளில் புது நாற்றை நட்டுவிடுவார். பழையதும் புதியதும் ஒரே வயலில், ஒரே தண்ணீரில் வளரும்.

அந்த விவசாயியின் புத்தி நம் கோஷ்டித் தலைவர்களுக்கும் வர வேண்டும். கோப்பை ஒரு வருஷம் அலமாரியில் இருக்கும். அந்த மூத்தவரிடம் ஒரு பையன் கற்றுக்கொண்ட பந்து, இருபது வருஷம் ஊரில் இருக்கும்.