மாடி வீட்டில் தீப்பிடித்தால் தப்ப ஒரே வழி: அங்கே ஸ்கூட்டர், மேலே பூட்டு!

திருமங்கலம்:–

மாடி வீட்டில் தீப்பிடித்தால் பெரும்பாலும் ஆளைக் கொல்வது தீ அல்ல. புகை!

மதுரை பெரியார் பஸ் நிலையம் அருகே கட்ராபாளையத்தில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். 2024 செப்டம்பர் 12-ந் தேதி அதிகாலை. பெண்கள் விடுதியில் எல்லோரும் அயர்ந்து தூங்கிக்கொண்டு இருந்தார்கள். அங்கிருந்த பிரிட்ஜ் வெடித்தது. குபுகுபு என்று கரும்புகை கட்டிடத்தைச் சூழ்ந்தது. பெண்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். வேலைக்காக வந்து தங்கியிருந்த 2 பெண்கள் மூச்சுத்திணறி பரிதாபமாக இறந்தனர்.

சரியாக மூன்று மாதம் கழித்து திண்டுக்கல். டிசம்பர் 12-ந் தேதி இரவு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் தீ. புகை மாடிகளுக்கு ஏறியது. லிப்டுக்குள் சிக்கியவர்கள் மயங்கிக் கிடந்தார்கள். மொத்தம் 6 பேர் பிணமானார்கள். அதில் ஒரு சின்னஞ்சிறுமியும் உண்டு.

இரண்டுமே திருமங்கலத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போய் வருகிற ஊர்கள்தான்.

"நம்ம ஊர்ல என்ன 20 மாடியா இருக்கு, பயப்படறதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. விஷயமே அங்குதான் இருக்கிறது.

60 அடி கணக்கு

தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு வந்த கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அது "உயரமான கட்டிடம்". அதாவது 60 அடி. அதைத் தாண்டினால் தீயணைப்புத் துறையின் சர்டிபிகேட், மாடிக்கு மாடி தண்ணீர்க் குழாய், அது, இது என்று ஏகப்பட்ட கெடுபிடி. தாண்டாத குடியிருப்புகளுக்கு அத்தனை கெடுபிடி கிடையாது.

திருமங்கலம் போன்ற ஊர்களில் எழும்புகிறவை பெரும்பாலும் 3 மாடி, 4 மாடி. எல்லாம் 60 அடிக்குள் அடக்கம். கீழே ஜவுளிக்கடையோ, பாத்திரக்கடையோ இருக்கும். மேலே குடித்தனங்கள். சட்டப்படி அது சின்னக் கட்டிடம். புகைக்கு அந்த அடிக்கணக்கு தெரியுமா? கட்ராபாளையம் விடுதியும் வானத்தை முட்டிய கட்டிடம் அல்ல.

இந்த மாதிரி கட்டிடங்களில் படிக்கட்டு ஒன்றே ஒன்றுதான். எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான் மின்சார மீட்டர்கள். அங்கேதான் மோட்டார் சைக்கிள்கள். கடைக்காரரின் காலி அட்டைப்பெட்டிகள், காலி சிலிண்டர், உடைந்த சைக்கிள் எல்லாம் அங்கேதான். இப்போது புதிதாக பேட்டரி ஸ்கூட்டரும் வந்து சேர்ந்திருக்கிறது. இரவு சார்ஜ் போட்டுவிட்டு மேலே போய்ப் படுத்துவிடுகிறார்கள்.

வாசலில் எரிந்த ஸ்கூட்டர்

2022 மார்ச் மாதம் வேலூரில் இப்படி சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் நள்ளிரவில் எரிந்தது. வெளியே வர வழி இல்லை. தகப்பனும் 13 வயது மகளும் குளியலறைக்குள் ஓடினார்கள். தீ அவர்களைத் தொடவில்லை. புகை விடவில்லை. இரண்டு பேரும் மூச்சுமுட்டி இறந்தனர்.

2025 மார்ச் மாதம் சென்னை மதுரவாயல். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் எரிந்தது. 9 மாதக் கைக்குழந்தை பலியானது. பெற்றோர் தீக்காயம் அடைந்தனர்.

பேட்டரி ஸ்கூட்டரே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பெட்ரோல் விற்கிற விலையில் அது நடக்காது. சார்ஜ் போடுகிற இடம்தான் தப்பு. படிக்கட்டை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடலாமே!

கீழே தீப்பிடித்தால் படிக்கட்டு என்ன ஆகும்? அடுப்புக்கு மேலே வைக்கும் புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். புகை சர்ரென்று மேலே ஏறும். உச்சியில் மொட்டை மாடிக் கதவு. அதில் பூட்டு! வெளியேற வழி இல்லாத புகை மேல் மாடியில் இருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு மாடியாக நிரம்பும். மேலே ஓடியவர்கள் அந்தக் கதவு முன்னால் சிக்கிக்கொள்வார்கள்.

"சாவி யார்கிட்ட?" என்று கேட்டால் "வீட்டுக்காரர்கிட்ட" என்பார்கள். வீட்டுக்காரர் மதுரையில் இருப்பார்!

பூட்டுவதற்கும் காரணம் இருக்கத்தான் செய்கிறது. காயப்போட்ட துணி காணாமல் போகிறது. தண்ணீர் டேங்க் பக்கம் பையன்கள் சிகரெட் பிடிக்கிறார்கள். சரி, பூட்டுக்குப் பதில் உள்பக்கம் தாழ்ப்பாள் போடலாம். உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடியும். பக்கத்து மாடியில் இருந்து தாவி வருகிற திருடனால் முடியாது.

பால்கனியிலும் இதே கதை. திருட்டுக்குப் பயந்து மேலிருந்து கீழ் வரை இரும்புக் கம்பி. ஜன்னலும் கம்பி. அந்தக் கம்பியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சின்னக் கதவும் வைத்து, அதன் சாவியைப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்தால் தீயணைக்கும் படையினர் ஏணி வைத்து இறக்க முடியும். இல்லாவிட்டால் கம்பியை அறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

லண்டனிலும் ஒரே படிக்கட்டு

இது ஏதோ நம் ஊர் அவலம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் கிரென்பெல் டவர் என்று 24 மாடிக் குடியிருப்பு. 2017 ஜூன் 14-ந் தேதி அங்கும் ஒரு பிரிட்ஜில் இருந்துதான் தீ. அதுவும் 4-வது மாடியில், ஒரு வீட்டுச் சமையல் அறையில். வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகைகள் பற்றி எரிந்து உச்சி வரை போயிற்று. அத்தனை மாடிக்கும் படிக்கட்டு ஒன்றுதான். அதில் புகை. 72 பேர் செத்தார்கள்.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளியில் 94 பிஞ்சுகள் கருகினவே, அங்கும் இறங்குவதற்கு ஒரு குறுகலான படிக்கட்டுதான்.

2025 நவம்பர் மாதம் ஹாங்காங்கில் எரிந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 150-க்கும் மேற்பட்டோர் பலி. அங்கே அபாய மணி இருந்தது, ஒழுங்காக அடிக்கவில்லை. நம் 4 மாடிகளில் மணியே கிடையாது. கத்த வேண்டும். ஒவ்வொரு கதவாக தடதடவென்று தட்ட வேண்டும்.

தீப்பிடித்தால் என்ன செய்வது?

படிக்கட்டில் புகை இல்லையா? எல்லோரும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். நகை, பத்திரம் என்று பீரோவைத் திறக்கக்கூடாது. லிப்ட் பக்கமே போகக்கூடாது. திண்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் வீட்டுக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும். பூட்ட வேண்டாம். சாத்திய கதவு புகையைக் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும்.

படிக்கட்டு முழுக்கப் புகையா? இறங்கவே வேண்டாம். உள்ளேயே இருந்து கதவைச் சாத்துங்கள். புடவையோ, துண்டோ நனைத்து கதவின் அடி இடுக்கில் திணியுங்கள். தெருப்பக்க ஜன்னலுக்குப் போய்த் துணியை ஆட்டிக் கூப்பிடுங்கள். அறைக்குள் புகை வந்துவிட்டால் நிற்காமல் தரையோடு தவழ வேண்டும். நல்ல காற்று கீழேதான் இருக்கும்.

எண்ணெய்ச் சட்டி எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடினால் அடங்கும். பிரிட்ஜிலோ, மின்விசிறியிலோ பொறி பறந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியுமா?

தீயணைப்பு நிலையத்துக்கு 101. அவசர உதவிக்கு 112. "சீக்கிரம் வாங்க, தீ!" என்று கத்திவிட்டு போனை வைத்து விடுகிறவர்கள்தான் அதிகம். தெருப் பெயர், அடையாளமாக ஒரு கடை, எத்தனையாவது மாடி, உள்ளே எத்தனை பேர்? இவ்வளவும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒருவர் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்கட்டும். மற்றவர்கள் வழியில் நிற்கும் ஸ்கூட்டர்களையும் தள்ளுவண்டிகளையும் நகர்த்தி, அந்தப் பெரிய வண்டி உள்ளே நுழைய இடம் விடட்டும்.