குளக்கரையில் நமது பங்கு

கோவை உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடைபாதையும் விளக்குகளும் அமைந்துள்ளன. மாலை வேளைகளில் குடும்பங்கள் பிள்ளைகளோடு அங்கே காற்று வாங்குகின்றன. ஸ்மார்ட் சிட்டி எனப்படும் சீர்மிகு நகரத் திட்டத்திற்கு 2016 ஜனவரியில் தேர்வான முதல் 20 நகரங்களில் கோவையும் ஒன்று. அதனால் கிடைத்த பலன் இது.

ஆனால், நடைபாதை வருவதற்கு முன்பே மக்கள் இக்குளத்தில் இறங்கியிருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுக் கோடையில் குளம் வறண்டு கிடந்தபோது, மாணவர்களும் வணிகர்களும் இல்லத்தரசிகளுமாக மண்வெட்டி, கூடைகளோடு வந்து தூர் வாரினார்கள். இயந்திரங்கள் அள்ளியதோடு ஒப்பிட்டால் கூடைகளில் சுமந்தது சொற்பமே. எனினும், ஒரு கூடை மண் சுமந்தவருக்கு அக்குளம் சொந்தமாகிவிடுகிறது. அங்கே குப்பை கொட்டுபவரைத் தட்டிக் கேட்க அவருக்கு வாய் வருகிறது.

உழைப்பில் பங்கு கேட்பவர்கள் முடிவெடுப்பதிலும் பங்கு தருகிறார்களா? சீர்மிகு நகரத் திட்டத்திற்காகப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது உண்மையே. ஆயினும், இணையதளத்தில் வாக்களிப்பது, வீட்டு வாசலில் வரைபடத்தை விரித்து, "இங்கே உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று வினவுவதற்கு ஈடாகாது. வாலாங்குளம், முத்தண்ணன்குளம் கரைகளில் குடியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. கூரை உறுதியானது, ஆனால் கீரணத்தத்திலிருந்தோ மலுமிச்சம்பட்டியிலிருந்தோ நகருக்குள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நேரமும் கூலியும் பயணத்திலேயே கரைகின்றன. கரை அழகானதால் மக்கள் மனநிறைவு அடைந்தனர் என்று கணக்கிடுவோர் அவரையும் சேர்த்துக் கொள்ள வேண்டாமா?

கிராமசபையை அறிந்த நம்மில் பலர் பகுதி சபையை அறிவதில்லை. தமிழக நகரங்களில் அது 2022 நவம்பர் 1ஆம் நாள் முதன்முதலாகக் கூடியது. கோவையின் 100 வார்டுகளும் இதற்கு உட்பட்டவையே. அப்பகுதி வாக்காளர் எவரும் பேசலாம். கூட்ட நாளை மாமன்ற உறுப்பினரிடம் கேட்டறிந்து மஹல்லா ஜமாஅத்தினர் ஜும்ஆவில் அறிவிக்கலாம். அவ்வறிவிப்பு பெரும்பாலும் ஆண்களுக்கே எட்டும் என்பதுதான் குறை. சாக்கடை எந்த முனையில் தேங்குகிறது, குடிநீர் எத்தனை நாளைக்கொருமுறை வருகிறது என்பதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்கன்றோ நன்கு தெரியும்? ஆகவே பெண்கள் மதரஸாக்களிலும் இச்செய்தி சொல்லப்பட வேண்டும்.

மற்றொன்று, சகோதர சகோதரிகளே! சென்று கையொப்பமிட்டு மட்டும் திரும்பாதீர்கள். கோரிக்கையை எழுத்து மூலம் கொடுத்து, கூட்டக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து அது என்னவாயிற்று என்று கேளுங்கள்.