பதினைந்தாம் லூயி எதனைத் தொலைத்தான்?

பிரான்சிய மன்னன் பதினைந்தாம் லூயியின் மீது வரலாற்றாசிரியர் பலர் சுமத்தும் குற்றங்களுள் தலையாயது, அவன் ஒரு பேரரசைத் தொலைத்தான் என்பதாகும். 1715 ஆம் ஆண்டில் ஐந்து வயதுப் பாலகனாக அரியணை ஏறி, 1774 இல் அம்மை நோயால் மாளும்வரை ஐம்பத்தொன்பது ஆண்டுகள் முடிசுமந்தவன் அவன். வேட்டையிலும் அந்தப்புரத்திலும் காலங்கழித்தான். மதாம் பொம்பதூரின் சொற்கேட்டு அமைச்சரை மாற்றினான். அதனால் கனடாவும் இந்தியாவும் ஆங்கிலேயர் வசமாயின. இதுவே அக்குற்றச்சாட்டின் சாரம். பரீட்சைக்கு மனனஞ் செய்வோர்க்கு இது மிக வசதியான கதை. ஒரு பெண்ணின் தலையிற் பழியைப் போட்டுவிட்டால் வினாவுக்கு விடை முடிந்தது!

இக்குற்றச்சாட்டை நாம் ஏற்றற்கில்லை. லூயியைக் காப்பாற்றும் நோக்கம் நமக்கு இல்லை. அவன்மீது சாட்டவேண்டிய குற்றம் இதனினும் கொடியது. 'தொலைத்தான்' என்று கூறுவோரின் குரலில், அவன் வென்றிருக்கலாகாதா என்ற ஏக்கம் ஒலிக்கின்றது. கொள்ளையடித்தது பிழையன்று, கொள்ளைப் பொருளைக் கைநழுவ விட்டதே பிழை என்பது எவ்வகை நீதி?

ஏழாண்டு யுத்தம் 1756 இல் தொடங்கியது. 1759 இல் கியூபெக்கும், 1760 இல் மொன்றியலும், 1761 சனவரியிற் புதுச்சேரியும் வீழ்ந்தன. ஆனால், வீழ்ந்தவை இவை மட்டுமல்ல. மேற்கிந்தியத் தீவுகளில் குவாதலூப் 1759 இலும், மார்த்தினிக் 1762 இலும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தன. 1763 பெப்ரவரி 10 இற் பரிசில் உடன்படிக்கை கைச்சாத்தானபோது லூயியின் அமைச்சன் சுவாசல் எதனைக் கேட்டுப் பெற்றான்? கனடாவையா? ஏறத்தாழ 70,000 பிரான்சியர் குடியேறியிருந்த அப்பெருநிலத்தை விட்டுக்கொடுத்து, கடலிற் புள்ளிகளாகக் கிடந்த அவ்விரு தீவுகளையும் மீட்டுக்கொண்டான். காரணம் சீனி. ஆங்கிலேயரும் இவ்வுண்மையை அறியாதவரல்லர். கனடாவை வைத்திருப்பதா, குவாதலூப்பை வைத்திருப்பதா என்று இலண்டனிலே துண்டுப் பிரசுரங்கள் வாயிலாகப் பெரும் வாதமே நடந்தது. சோம்பேறி மன்னனின் அசட்டையால் நேர்ந்த இழப்பு என்று இதனை எங்ஙனம் கூறுவது? ஐந்தொகை பார்த்து, இலாபம் தராததைக் கழித்து, தருவதை மீட்ட கணக்கப்பிள்ளையின் வேலையன்றோ இது!

அக்கணக்கேட்டிற் சரக்காகப் பதியப்பட்டோர் மனிதர். லூயியின் முப்பாட்டன் பதினான்காம் லூயி 1685 இற் பிறப்பித்த 'கறுப்புச் சட்டம்' அடிமைகளை அசையும் சொத்தாக வகுத்தது. பேரன் அதனை நீக்கவில்லை. 1724 இல் லூசியானாவுக்கும் அத்தகைய சட்டத்தையே விதித்தான். யுத்தம் முடிந்த வேளையில் சென் டொமிங்குத் தீவில் மட்டும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆபிரிக்கர் அடிமைகளாக உழைத்தனர். 1758 ஆம் ஆண்டைப் பற்றி எழுதுவோர் யூலையில் லூயிஸ்பூர்க் கோட்டை வீழ்ந்ததைத் தவறாது குறிப்பர். அவ்வாண்டு சனவரியிலே சென் டொமிங்கின் கப் பிரான்சே நகரில், வெள்ளையருக்கு எதிராகச் சதி செய்தான் என்று மக்கண்டால் என்னும் ஆபிரிக்கன் தீயிலிட்டுக் கொல்லப்பட்டதை எத்தனை பேர் குறிப்பர்? லூயி இறந்து பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1791 இல் அத்தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவன் தொலைக்காது காத்த உடைமை எதுவென்பதை அவர்களே உலகுக்குக் காட்டினர்.

யுத்தச் செலவைச் சுமந்தவர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். முந்திய யுத்தத்தின் கடனைத் தீர்க்க 1749 இல் வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு வரியாக விதிக்கப்பட்டது. குருமார் கூச்சலிட்டனர், 1751 இல் விலக்குப் பெற்றனர். உழவன் கூச்சலிட வழியில்லை. 1756 இல் அதே வரி இரண்டாம் முறையாகவும், 1760 இல் மூன்றாம் முறையாகவும் அவன் தலையில் ஏறியது. தோல்வியாலேனும் இவ்வரசு பாடங்கற்றதா? 1768 இல் கோர்சிக்கா தீவின்மீதான உரிமையை ஜெனோவாவிடமிருந்து பெற்று, சுதந்திரம் வேண்டிநின்ற அத்தீவு மக்களை அடுத்த ஆண்டு பொந்தே நோவோவிற் படைகொண்டு அடக்கியது.

இனி, நம்மவருட் சிலரின் ஏக்கத்துக்கு வருவோம். டூப்ளே வென்றிருந்தால், ஆங்கிலேயனுக்குப் பதிலாக நாகரிகம் மிக்க பிரான்சியன் ஆண்டிருப்பான் என்பர். (நாகரிகத்தை யார் எடைபோட்டார்களோ, அறியோம்.) நவாபு பதவிக்குப் போட்டியிட்டோருள் ஒருவனுக்குப் படை கொடுத்து, அதற்குக் கூலியாக நிலவரியைக் கைப்பற்றும் தந்திரத்தை 1749 இல் சந்தா சாகிபின் பொருட்டு நடத்திக் காட்டியவன் டூப்ளே. கிளைவ் அதன் மாணாக்கனே. 1748 இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட வேளையில், டூப்ளேயின் ஆளுகையின் கீழேயே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது; டூப்ளேயின் துபாசியான ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் அதனைப் பதிந்துள்ளார். 1758 இல் லூயியின் தளபதி லாலி பணந்தேடித் தஞ்சாவூர் நோக்கிச் சென்றான். வழியில் நாகூரைக் கொள்ளையிட்டான். கீழ்வேளூர்க் கோயிலிற் புதையல் தேடித் தோண்டினான். தோல்விக்குப் பழிசுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது 1766 இற் பரிசில் லாலியின் தலை கொய்யப்பட்டது. அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்காக வொல்தயர் எழுதினார். கீழ்வேளூருக்காகப் பரிசில் யார் எழுதினார்?

1760 நவம்பரில், முற்றுகைக்குள் உணவு குறைந்தபோது, புதுச்சேரியிலிருந்த நம்மவர் ஏறத்தாழ 1,400 பேரை, ஆண் பெண் பாராது, லாலி கோட்டைக்கு வெளியே துரத்தினான். ஆங்கிலேயப் படை அவர்களைக் கடந்துபோக விடவில்லை. திரும்பி வந்தவர்களைப் பிரான்சியப் படை சுட்டு விரட்டியது. இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலே புல்லின் வேரைத் தின்று எட்டு நாட்கள் கிடந்தனர். அதன் பின்னரே ஆங்கிலேயர் வழிவிட்டனர். சரணடைந்த நகரை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763 உடன்படிக்கையில் அவ்விடிபாடு லூயி மன்னனுக்கே மீள அளிக்கப்பட்டது. அந்த 1,400 பேரைப் பற்றி அதில் ஒரு வாசகமும் இல்லை.