சிவப்பு அட்டையின் சுமை பிள்ளைகளுக்கா?

12 வயதை எட்டியதும் நம் மாணவர்கள் நீல நிற மைகாட் பெறுகின்றனர். பெரும்பாலோருக்கு அது அரை நாள் வேலை. ஆனால், அதே வகுப்பில் படித்து, அதே தேசியப் பண்ணைப் பாடி வளர்ந்த சிலருக்கு அந்த அட்டை கிடைப்பதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்றாலும் அவர்களால் பி.டி.பி.டி.என். கடனுதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. வாக்குரிமையும் அரசாங்க வேலையும் அவர்களுக்கு எட்டாக்கனி.

இவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். தென்னிந்தியாவிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கொண்டுவரப்பட்டபோது இரு கரைகளும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தன. 1947-இல் இந்தியாவும் 1957-இல் மலாயாவும் விடுதலை பெற்றன. மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பம் செய்துதான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, தோட்ட எல்லையைத் தாண்டாத தொழிலாளர் பலர் அதைச் செய்யத் தவறினர். அதன் விளைவு 1969-இல் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் பல்லாயிரம் பேர் நாட்டை விட்டே வெளியேறினர். தங்கிவிட்டவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையுடன் நிரந்தரவாசிகளாகவே காலத்தைக் கழித்தனர்.

“ஏன் அப்போதே விண்ணப்பிக்கவில்லை?” என்று தாத்தாவிடம் கேட்கலாம். பேரனிடம் கேட்பதில் என்ன நியாயம்?

1962-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இங்குப் பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் குழந்தைக்குச் சட்டப்படி குடியுரிமை உண்டு என்றானது. சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்கு இந்த விதியே கைகொடுத்தது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அதில் ‘நிரந்தரவாசி’ என்ற பகுதியை நீக்கியுள்ளது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு அத்திருத்தம் வழங்கிய உரிமையை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது முறையல்ல.

எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்குப் பிறப்பவர் மலேசியக் குடிமகனே என்ற விதி இன்னும் இருக்கிறது. அதை மாற்றும் முயற்சி கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. எனினும், ‘எனக்கு வேறு நாடு இல்லை’ என்பதை ஒரு பிள்ளை எந்தப் பத்திரத்தைக் காட்டி நிரூபிக்கும்? தலைமுறை தலைமுறையாக இங்கு வாழும் குடும்பங்களின் மீது அச்சுமையை ஏற்றாமல், நீக்கிய பாதுகாப்பை அரசாங்கம் மீண்டும் சேர்க்க வேண்டும். விண்ணப்பங்களுக்குக் காலக்கெடுவுடன் முடிவும், நிராகரித்தால் அதற்கான காரணமும் தெரிவிக்கப்பட வேண்டும்.

நம் பங்கும் உண்டு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், சட்டத்தின் பார்வையில் பிள்ளை தாயின் நிலையையே பெறும். தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால், தந்தை நீல அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாகிவிடுகிறது. பிறப்பை 60 நாள்களுக்குள் பதியாமல் விடுவதும் சிக்கலின் தொடக்கமே.

மாணவர்களே, உங்கள் வீட்டில் அனைவரின் பிறப்புப் பத்திரமும் பெற்றோரின் திருமணப் பதிவும் உள்ளனவா என்று இன்றே பாருங்கள். ஆவணச் சிக்கலால் தவிக்கும் நண்பன் இருந்தால், தேசியப் பதிவு இலாகாவுக்கு அவனோடு செல்லுங்கள். பாரம் நிரப்ப உதவுங்கள். 15A விதியின்கீழ் விண்ணப்பிக்கும் வயது வரம்பையும் 2024 திருத்தம் 21-லிருந்து 18-ஆகக் குறைத்துள்ளது. எஸ்.பி.எம். முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட இனி நேரமில்லை.