வரிசையில் நிற்கும் இடம் பெயராகுமா?

எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரத்தில் இருக்கும் மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரை திரும்புகின்றன. முதலில் வந்ததை முதல் படகு என்கிறோம், அடுத்ததை இரண்டாம் படகு என்கிறோம். இதில் தவறில்லை. ஆனால் ‘முதல் படகில் இருப்பதையெல்லாம் இறக்கிவிடு’ என்று நாளைய வேலையை இன்றே எழுதி வைத்தால் என்ன ஆகும்? நாளைக்கு முதலில் வருவது வேறொருவர் படகாக இருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு படகின் பக்கத்திலும் நாடு, மாநிலம், மாவட்டம் ஆகியவற்றின் குறிகளோடு ஒரு பதிவு எண்ணை எழுதி வைக்கிறார்கள். படகு எங்கே நின்றாலும் அந்த எண் மாறாது.

கணிப்பொறிக்குள்ளும் இதே சங்கதி உண்டு. லினக்ஸ் இயக்க அமைப்பின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கணிப்பொறி தொடங்கும்போது அது தன்னோடு இணைந்துள்ள ஹார்டு டிஸ்க்குகளையும் பென் டிரைவ்களையும் தேடுகிறது. முதலில் அகப்பட்டதற்கு எஸ்.டி.ஏ. என்றும், அடுத்ததற்கு எஸ்.டி.பி. என்றும் பெயர் தருகிறது. நேரத்தை மிச்சப்படுத்த ஒரே சமயத்தில் பல இடங்களில் தேடுவதால், நேற்று இரண்டாவதாக அகப்பட்டது இன்று முதலாவதாக அகப்படலாம்.

இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்துக்குள் புகுந்து, நெட்டுக்குப்பத்துப் படகுகளிலும் வலைகளிலும் கரியாகப் படிந்தது. அப்போது எடுத்த படங்கள் உங்களிடம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை எழுத ‘டி.டி.’ என்ற கட்டளையை எழுதி வைக்கிறீர்கள். அன்று பென் டிரைவ்தான் எஸ்.டி.பி. மறுநாள் ஹார்டு டிஸ்க்கை முதலில் செருகுகிறீர்கள். இப்போது அதுதான் எஸ்.டி.பி. ‘நிச்சயமாக அழிக்கலாமா?’ என்று டி.டி. கேட்காது. படங்கள் போயே போச்சு!

முன்பு நிலைமை கொஞ்சம் வேறாக இருந்தது. 1990களில் வீட்டுக் கணிப்பொறிகளில் இருந்த ஐ.டி.இ. வகை டிஸ்க்குகளுக்கு, எந்தக் கேபிளில் எந்த இடம் என்பதை வைத்து எச்.டி.ஏ. முதல் எச்.டி.டி. வரை பெயர் வந்தது. நடுவில் ஒன்றைக் கழற்றினாலும் மற்றவற்றின் பெயர் மாறாது. நான்கே இடங்கள் இருந்தவரை அது போதும். நினைத்தபோது செருகி நினைத்தபோது பிடுங்கும் காலத்தில் அது எப்படிப் போதும்?

அப்படியானால் எந்த டிஸ்க்குக்கு என்ன பெயர் என்பதைக் கெர்னலே நினைவில் வைத்திருக்கட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தப் பதிவேட்டை எங்கே வைப்பது? ஒரு டிஸ்க்கில்தானே! டிஸ்க்கைக் கண்டுபிடித்த பிறகுதான் பதிவேட்டையே திறக்க முடியும். தவிர, பழுதான டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்தால் அது பழைய பெயருக்கு உரியதா, இல்லையா? ஒருவர் ஆம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார். இந்த வழக்கைக் கெர்னல் தீர்க்க வேண்டியதில்லை. பெயர் வைக்கும் வேலையைக் கெர்னலுக்குள்ளேயே வைத்த டெவ்.எஃப்.எஸ். என்ற முயற்சி 2006இல் கைவிடப்பட்டது. 2003இல் வந்த யூ.டெவ் என்ற நிரல், கெர்னலுக்கு வெளியே நின்று அந்த வேலையைச் செய்கிறது. அதுவே சரியான இடம் என்பது என் கருத்து.

யூ.டெவ் ஒரே டிஸ்க்குக்குப் பல பெயர்களைத் தருகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். துறைமுகத்தில் கண்டெய்னர் அடுக்கப்பட்ட இடம் ஒன்று. அதன் உடம்பில் எழுதிய எண் ஒன்று. உள்ளே இருக்கும் சரக்கின் சீட்டு இன்னொன்று. டிஸ்க்குக்கும் அப்படித்தான். செருகிய இடத்தை வைத்து ஒரு பெயர், தயாரிப்பாளர் தந்த வரிசை எண்ணை வைத்து ஒரு பெயர், உள்ளே இருக்கும் கோப்பு அமைப்பின் யூ.யூ.ஐ.டி. என்ற 32 இலக்க அடையாளத்தை வைத்து ஒரு பெயர். டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் யூ.யூ.ஐ.டி. மாறிவிடும், வரிசை எண் மாறாது. டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்தால் இரண்டிலும் ஒரே யூ.யூ.ஐ.டி. இருக்கும், இரட்டையருக்கு ஒரே பெயர் வைத்த கதைதான். கண்டெய்னர் எண்ணுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: அதன் பதினொன்றாவது எழுத்து, முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். யூ.யூ.ஐ.டி.யில் அது இல்லை. ஆகவே அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டாமல், நகல் எடுத்து ஒட்டுங்கள்.

மாணவ நண்பர்களே, லினக்ஸ் உங்களுக்கு எட்டாத பொருளல்ல. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. குறை எங்கே என்றால், லினக்ஸ் பயிற்சிக் குறிப்புகள் பலவும் இன்றும் ‘எஸ்.டி.பி. என்று தட்டு’ என்றே சொல்லிக்கொடுக்கின்றன. எழுதியவரின் மேசையில் அன்று அது சரியாக இருந்திருக்கும். உங்கள் மேசையில் எது எஸ்.டி.பி. என்று அவருக்கு எப்படித் தெரியும்? அத்தகைய குறிப்பு கிடைத்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, வரிசை எண் அடங்கிய பெயரை அந்த இடத்தில் எழுதுங்கள். கட்டளை நீளமாகிவிடும், தட்டுவதற்கு எரிச்சலாகவும் இருக்கும். ஆனால் அந்த டிஸ்க் செருகப்படவில்லை என்றால், அருகில் இருக்கும் வேறொன்றின் மேல் அது கை வைக்காது.