எள்ளலும் எல்லையும்

சமயத்தை எள்ளி நகையாடும் பேச்சுக்கு எல்லை வேண்டுமா என்னும் வினா பழமையானது. ஆயினும், நம் நாட்டில் இன்று நடைமுறையிலுள்ள சட்டம் எச்சூழலில் பிறந்தது என்பதை அறியாமல் அதற்கு விடை கூற முனைவது பயனற்றது.

1924ஆம் ஆண்டு லாகூர் நகரில் சிறுநூல் ஒன்று வெளியாயிற்று. நபிகள் நாயகத்தின் இல்வாழ்க்கையை இழிவுபடுத்தும் வகையில் எழுதப்பட்ட நூல் அது. எழுதியவர் தம் பெயரை மறைத்துக்கொண்டார். பதிப்பாளர் இராஜபால் வழக்கைச் சந்தித்தார். கீழ்நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுவித்தார். நூலின் தன்மை குறித்து நீதிபதிக்கு நல்லெண்ணம் ஏதுமில்லை. ஆனால், அன்றிருந்த சட்டப்பிரிவு இரு சமூகங்களுக்கிடையே பகைமை மூட்டுவதையே குற்றமாக்கியிருந்தது. மறைந்த சமயத் தலைவர் ஒருவரைப் பற்றிய பழிப்புரை அதனுள் அடங்காது என்று அவர் கருதினார். தீர்ப்பைக் கேட்டு மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே மத்தியச் சட்டமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295-ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது.

அவ்விவாதத்தில் முகம்மது அலி ஜின்னா கூறிய கருத்து இங்கு நினைக்கத்தக்கது. வரலாற்றை ஆராய்வோரும், உண்மையைத் தேடுவோரும், ஒரு சமயத்தை நேர்மையுடன் திறனாய்வு செய்வோரும் இச்சட்டத்தால் துன்புறலாகாது என்று அவர் வலியுறுத்தினார். வேண்டுமென்றே, தீய எண்ணத்துடன் இழிவு செய்தவரே குற்றவாளி என்னும் நிபந்தனை பிரிவிலேயே இடம்பெற்றது.

சட்டம் வந்தும் பகை தணியவில்லை. 1929ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜபால் தம் கடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கொலை செய்த இளைஞர் இல்முதீன் அவ்வாண்டு அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். இவற்றை ஒரு நூலால் நேர்ந்த சாவுகள் என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. அந்நூலால் மனம் புண்பட்டோர் பல்லாயிரவர். அவருள் கத்தி எடுத்தவர் மிகச் சிலரே. அமிர்தசரசைச் சேர்ந்த சமய அறிஞர் ஒருவர் அந்நூலுக்கு மறுப்பு நூலே எழுதினார். அவருடைய மனமும் புண்பட்டதுதான்.

மறுப்பு நூல் எழுதும் மரபு நமக்குப் புதியதன்று. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசியை மறுத்துச் சமண நூலாகிய நீலகேசி எழுந்தது. குண்டலகேசியில் இன்று எஞ்சியிருப்பவை சில பாடல்களே. அதன் கதையை நாம் ஓரளவு அறிய முடிவதற்கு, அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையும் ஒரு காரணம். எதிர்த்தவர் தடை கோரியிருந்தால் இதுவும் கிட்டியிராது.

1947ஆம் ஆண்டில் நாடு பிரிந்தபோது 295-ஏ பிரிவு இரு நாடுகளுக்கும் உரிமையாயிற்று. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அறியாமலோ கவனக்குறைவாலோ நேரும் இழிவு இதனுள் வாராது என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது. பாகிஸ்தான் வேறு வழியில் சென்றது. 1986ஆம் ஆண்டு அங்குச் சேர்க்கப்பட்ட புதிய பிரிவு, நபிகளை இழிவுபடுத்துவோருக்கு மரணதண்டனையை வகுத்தது. தீய எண்ணம் இருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. ஆசியா பீபி என்னும் கிறித்தவக் கூலித்தொழிலாளிப் பெண் 2010ஆம் ஆண்டு இதன்கீழ் மரணதண்டனை பெற்றார். அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை மறு ஆண்டே அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். சான்றுகள் நம்பத்தக்கவையல்ல என்று கூறி 2018ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஆசியா பீபியை விடுவித்தது. எட்டாண்டுகள் அவர் மரணதண்டனைக் கைதியாகவே சிறையில் கழித்திருந்தார்.

அவ்வாறாயின் எல்லையே வேண்டாவா? வேண்டும். ஆனால், அது எத்தனை பேர் மனம் புண்பட்டது என்னும் கணக்கைக் கொண்டு வகுக்கப்படலாகாது. அக்கணக்கில் பெரும்பான்மையோரின் வருத்தம் எப்போதும் பெரிதாகத் தெரியும். சிறுபான்மையோரின் வருத்தம் கண்ணுக்கே தெரியாது. ஒரு கோட்பாட்டை எள்ளுவது வேறு. அதனைப் பின்பற்றும் அண்டை வீட்டாரை அடிக்கவோ விரட்டவோ பிறரைத் தூண்டுவது வேறு. முன்னதற்கு விடை எதிர்வாதமாக இருக்கலாம். பின்னதற்குச் சட்டமே விடை. இவ்விரண்டும் எப்போதும் தெளிவாகப் பிரிந்து நிற்பதில்லை என்பது உண்மையே. கலவரச் சூழல் நிலவும் ஊரில், ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் கேலிப்படம் வெறும் கேலியாக நிற்பதில்லை. அதனால்தான் சொல்லை மட்டுமன்றி, அது சொல்லப்பட்ட காலம், இடம், நோக்கம் ஆகியவற்றையும் நீதிமன்றம் ஆராய வேண்டியுள்ளது.

நடைமுறையில் அந்த ஆராய்ச்சி மிகத் தாமதமாகவே நிகழ்கிறது என்பதே என் கவலை. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 295-ஏ பிரிவு 299ஆம் பிரிவாகத் தொடர்கிறது. மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பிணையை உரிமையாகக் கோர இயலாது. பிடியாணை இன்றியே காவல்துறை கைது செய்யலாம். நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க அரசின் முன்னனுமதி தேவை என்பது நல்லதொரு காப்பு. எனினும், கைது அதற்கு முன்பே நிகழ்ந்துவிடக்கூடும். தீய எண்ணம் இருந்ததா என்று நீதிபதி கேட்கும் நாளுக்கு முன்பே, கைப்பேசியில் வந்த ஒரு படத்தைச் சிந்தியாமல் பகிர்ந்த இளைஞர் ஒருவர் சிறையில் பல நாள்களைக் கழித்துவிட நேரும். அவர் பின்னர் விடுவிக்கப்படலாம். இழந்த தேர்வும் வேலையும் மீளா.

அரசின் அனுமதியைக் கைதுக்கும் முன்நிபந்தனையாக்கினால், வன்முறைக்குத் தூண்டாத பேச்சைப் பொறுத்தவரை, இக்குறை பெரிதும் நீங்கும். இதற்குச் சட்டப்பிரிவையே நீக்க வேண்டியதில்லை. நாடாளுமன்றம் நடைமுறைச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தாலே போதும்.