எனக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க?



ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயது நிறையாதவர்கள் இன்ஸ்டாகிராம், பேஸ்புக், யூடியூப் போன்றவற்றில் அக்கவுண்ட் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. மீறினால் தண்டனை பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ கிடையாது, கம்பெனிக்குத்தான். அபராதம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை! இதுபோல ஒரு சட்டம் கொண்டுவர மத்திய அரசு யோசிக்கலாம்னு நம்ம மதுரை ஐகோர்ட் கிளையும் அதே மாதம் சொன்னது.

என் தம்பி ஏழாம் வகுப்பு. அப்பா போனில் ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சான். பிறந்த வருஷம் 1990னு போட்டான். உடனே உள்ளே விட்டுருச்சு. அதன்படி பார்த்தா அவன் எங்க சித்திக்கே அண்ணன்! அப்போ வயதை எப்படித்தான் சோதிப்பது? எல்லாரிடமும் ஆதாரை வாங்கினால் அந்த விவரம் கம்பெனி கைக்குப் போயிடும். ஆஸ்திரேலியச் சட்டத்திலேயே, அரசு அடையாள அட்டையை மட்டும்தான் காட்டணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வழியும் தரணும்னு இருக்கு.

நம்ம நாட்டில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முழுசா நடைமுறைக்கு வர 18 மாதம் அவகாசம். அதன்படி பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனித்து விளம்பரம் காட்டக் கூடாது. ரொம்ப நல்லது. ஆனால் 18 வயது ஆகாதவங்க விவரத்தை வாங்க பெற்றோர் சம்மதம் வேணுமாம். இதுதான் எனக்குப் பயமா இருக்கு.

ஏன்னா எங்க வீட்டில் சம்மதம் தம்பிக்கு மட்டும்தான் கிடைக்கும். அவன் ரீல்ஸ் பார்த்தால் "விளையாட்டுப் பையன், விடு". நான் அறிவியல் பாடம் பார்க்கப் போனை எடுத்தாலே "பொம்பளைப் புள்ளைக்குப் போன் எதுக்கு?" சட்டம் இரண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா கையெழுத்துப் போடுறது எங்க அப்பா இல்லையா? உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதைன்னு எனக்குத் தெரியும், சிரிக்காதீங்க.

ஆஸ்திரேலியாவில் 15 வயது மாணவர்கள் இரண்டு பேர் அந்தச் சட்டத்தை எதிர்த்து அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்கே போனாங்க. அரசியல் பற்றிக் கருத்துச் சொல்லும் சுதந்திரம் பறிபோகுதுங்கறது அவங்க வாதம். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். இன்னும் இரண்டு வருஷம் பொறுன்னு சட்டம் சொன்னால் பொறுத்துக்கிறேன். அதைத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்லணும். 16 ஆனதும் யார் கையெழுத்தும் கேட்காமல் எங்களை நம்பணும். சோதிக்கிற வேலையும் அபராதமும் கம்பெனிக்கே இருக்கட்டும்.

இதை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "அப்பா பாத்தா என்ன சொல்வாரோ"ன்னாங்க. பள்ளிக்கூடச் சுவரில்தானேம்மா ஒட்டுறாங்கன்னேன்.

— 9-ஆம் வகுப்பு மாணவி